பங்காளியா, கூலியாளா, வேண்டாமா? வெளிநாட்டு ஆய்வு வாசலுக்கு வரும்போது

நாகப்பட்டினம் பக்கம் மீனவப் பெண்கள் சங்கம் ஒன்றை நடத்தும் தோழி, போன மாதம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குப் பதினாலு பக்க பி.டி.எஃப். ஒன்றை அனுப்பினாள். நான் அதைத் திறப்பதற்குள் போனும் வந்துவிட்டது. "அக்கா, நம்மள ஈக்வல் பார்ட்னர்னு போட்டிருக்காங்க. படிச்சுட்டுச் சொல்லுங்க, கையெழுத்து போடலாமா?"

ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் மூன்று வருட ஆய்வு அது. வெயிலில் கருவாடு காயவைக்கும் பெண்களுக்கு வெப்பத்தால் சிறுநீரகம் கெடுகிறதா என்று பார்க்கப்போகிறார்கள். எட்டு ஊர், நூற்றுச் சொச்சம் கேள்விகள், வருடத்துக்கு இரண்டு தடவை ரத்தமும் சிறுநீரும். நல்ல கேள்விதான். சித்திரை வெயிலில் மணல்மேல் குந்தி மீனைப் புரட்டிப் போடுகிறவர்களைப் பார்த்த யாரும் அதை வீண் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தப் பெண்களிடமே கேட்டால் முதலில் வெயிலைச் சொல்வதில்லை. "அங்க ஒதுங்க இடமில்ல, அதான் காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்ல" என்பார்கள். கழிப்பறை பற்றி அந்தப் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை.

பதினாலு பக்கத்தையும் படித்தேன். 'ஈக்வல் பார்ட்னர்' முதல் பக்கத்திலேயே நாலு இடத்தில் வருகிறது. பட்ஜெட் பக்கத்தில் ஒரு இடத்திலும் வரவில்லை.

பார்ட்னர் என்பதற்குத் தமிழில் பங்காளி என்று போட்டுப் பார்த்தால் விஷயம் சட்டென்று புரியும். பங்கு கேட்க உரிமை உள்ளவன் பங்காளி. அந்த உரிமை இருப்பதால்தான் பங்காளிச் சண்டை என்றே ஒன்று நம் ஊரில் உண்டு. கேட்கவோ சண்டை போடவோ முடியாத இடத்தில் பங்காளி என்று கூப்பிடுவது கல்யாண வீட்டு உபசாரம் மாதிரி, அவ்வளவுதான்.

அவள் முன்னால் நாலு வழி இருந்தது. கூலிக்கு சர்வே மட்டும் செய்து கொடுப்பது. உண்மையான பங்காளியாக உள்ளே போவது. நடுவில் ஒரு பெரிய இந்திய நிறுவனத்தை வைத்துக்கொள்வது. வேண்டாம் என்று சொல்லிவிடுவது. இருபது வருடமாக சர்வே வேலையில் இருக்கிறவள் என்ற முறையில் நாலிலும் நான் பார்த்ததை வைத்தும், உலகத்தில் வெளிப்படையாக நடந்து முடிந்த சில கதைகளை வைத்தும் இதை எழுதுகிறேன்.

கூலிக்கு சர்வே

ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று ரேட் பேசி, ஆட்களைப் பழக்கி, டேப்லெட்டில் பதில்களை ஏற்றி அனுப்பிவிடுவது. ஆய்வு நெறி பேசுகிறவர்கள் இதைத்தான் மிக மட்டமாகப் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்ன வேலை, என்ன காசு, எப்போது முடியும் என்பது தெளிவாக இருக்கிறது. பேருக்குப் பங்காளி, நிஜத்தில் கூலி என்ற நிலைமையைவிட, கூலி என்று சொல்லிக் கூலியைச் சரியாகக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

சட்டமும் சிறிய அமைப்புகளை இந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. வெளிநாட்டிலிருந்து நிதியாக வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும்; டெல்லியில் ஸ்டேட் பேங்கின் குறிப்பிட்ட ஒரு கிளையில் கணக்கு வேண்டும். ஆனால் தொழில்முறையில் செய்த சேவைக்கு வாங்கும் கட்டணம் அந்தச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. ஆகவே பதிவு இல்லாத சங்கத்துக்கு இன்வாய்ஸ் போட்டுக் காசு வாங்குவது சுலபம், பங்காளியாவது கஷ்டம். (அறக்கட்டளைக்கு இப்படிக் கட்டண வருமானம் கூடினால் வருமான வரியில் வேறு தலைவலி வரும். அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

குறை எங்கே என்றால், படிவத்துக்கு ரேட் வைத்தால் படிவம்தான் கிடைக்கும். நான் முதலில் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்டில் ஒரு நாளைக்கு எட்டு வீடு முடிக்க வேண்டும். ஒரு வீட்டில் அம்மா பிள்ளையைப் பறிகொடுத்த கதையைச் சொல்லி அழ ஆரம்பித்தார். என் கூட வந்த பெண் மணியைப் பார்த்தாள். அவள்மேல் தப்பில்லை. அழுகையைக் கேட்டு உட்கார்ந்தால் அன்றைக்கு அவளுக்கு இரண்டு வீட்டுக் காசு போய்விடும். அப்புறம் ஒரு மாதம் கழித்து, சில படிவங்கள் டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பப்பட்டவை என்று தெரியவந்தது. வெளிநாட்டு மேலாளர் அதிர்ச்சியானார். ரேட் போட்டவரே அவர்தான்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. இந்த ஆய்வில் ஒரு பெண்ணுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் கூடியிருப்பது, அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்பது, தெரிந்தால் என்ன செய்வது? சர்வே ஒப்பந்தத்தில் அதற்கு இடமே இல்லை. மாதிரி எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவதோடு வேலை முடிந்தது. ரிசல்ட் ஐரோப்பாவில் ஒரு கணினியில் இருக்கும். அந்தப் பெண் மறுநாளும் வெயிலில் உட்காருவாள். ஊரில் பதில் சொல்ல வேண்டியது என் தோழிதான். பல்கலைக்கழகத்தின் முகவரி அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, தோழியின் வீடு தெரியும்.

ஆய்வை யாரோ வடிவமைத்து, உள்ளூரில் இருப்பவர்கள் நிறைவேற்ற மட்டும் செய்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நைரோபி கதை இருக்கிறது. கென்யத் தலைநகரின் கயோலே சொவேட்டோ குடிசைப் பகுதியில் தண்ணீர்க் கட்டணம் கட்டாத வீட்டு உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து இணைப்பைத் துண்டித்தால் வசூல் கூடுமா என்று ஒரு பரிசோதனை நடந்தது. உலக வங்கியோடும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடும் தொடர்புடைய பொருளியலாளர்கள் செய்தது; நகரத்தின் தண்ணீர் கம்பெனி கூட்டு. யாருக்கு நோட்டீஸ் போவது என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். 2020 ஆகஸ்டில் ஆய்வறிக்கை வெளியே பரவியதும் பெரிய சண்டை. கடன் வைத்தது உரிமையாளர், குழாய் வறண்டது வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பணம் கட்டாவிட்டால் துண்டிப்பது கம்பெனியின் பழைய விதிதான், உரிமையாளர்கள் அதற்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் என்று ஆய்வாளர்கள் நீளமாக விளக்கம் எழுதினார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தெருவில் குடத்தோடு நிற்கும் ஆள் ஒருவர் வடிவமைப்புக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், 'வாடகைக்காரன் என்ன பண்ணுவான்?' என்பதுதான் முதல் கேள்வியாக வந்திருக்கும்.

உள்ளே போய் உட்கார்வது

அப்படி உட்கார இடம் கிடைப்பதுதான் பங்காளி வழி. இதற்கு நல்ல உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம், சென்னையிலேயே இருக்கிறது.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கின. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடு, காற்று, ஓய்வு வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. சென்னையில் நோயாளிகள் ஏராளம், படுக்கைகள் சொற்பம். அப்படியானால் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கே அனுப்பினால் என்ன ஆகும்? 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே, கஞ்சியும் கவலையுமாக. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்கு இதில் பிடித்த விஷயம் மூன்று. கேள்வி சென்னையின் கேள்வி; லண்டனில் படுக்கைப் பஞ்சம் அந்த அளவுக்கு இல்லை. கட்டுரையை எழுதியவர் என்று தனிமனிதர் பெயர் இல்லாமல் மையத்தின் பெயரே போடப்பட்டது. ஃபாக்ஸ் சில வருடத்தில் ஊர் திரும்பிவிட்டார், மையம் இங்கேயே நின்றது. இன்று அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதே சேத்துப்பட்டில் இருக்கிறது. எல்லாம் பொன்னான காலம் என்று சொல்ல வரவில்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு நெறி வகுத்த ஹெல்சின்கி பிரகடனமே 1964இல்தான் வந்தது. இன்றைய ஒப்புதல் படிவத்தை வைத்து அன்றைய ஆய்வை அளந்தால் நிறையக் கேள்விகள் எழும். ஆனாலும் ஒரு கூட்டு முடிந்து இந்தப் பக்கம் என்ன மிஞ்சியது என்று கேட்டால், ஒரு கட்டடமும் இரண்டு மூன்று தலைமுறை ஆய்வாளர்களும் மிஞ்சினார்கள் என்று சொல்ல முடிகிறது. பெரும்பாலான ப்ராஜெக்ட் முடிந்ததும் மிஞ்சுவது பேனரும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான்.

என் தோழியிடம் இருப்பது சேத்துப்பட்டு மையம் இல்லை. வாடகைக்கு ஒரு அறை, நாலு ஊழியர்கள், ஒரு ஸ்கூட்டி. பங்காளி வழி அவளுக்குச் சரிப்படுமா என்பதைப் பெரும்பாலும் பணமே முடிவுசெய்யும்.

வாடகை, கரண்ட், கணக்கர் சம்பளம் என்று எந்த ப்ராஜெக்டிலும் நேரடியாகக் காட்ட முடியாத செலவுக்கு ஓவர்ஹெட் என்று ஒரு சதவீதம் கொடுப்பார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் வெளிநாட்டு அமைப்புகளுக்கு நெடுங்காலமாக 8 சதவீதம்தான் கொடுத்துவந்தது. அதே பணத்தில் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் ஐம்பது, அறுபது சதவீதம் என்று வாங்கின. ஒரே ஆய்வு, ஒரே பணம், ஆனால் அங்கே ஏ.சி. ஓடும், இங்கே ஃபேனுக்கே கணக்கு கேட்பார்கள். இந்தப் பக்கம் நம் சட்டமும் சும்மா இல்லை. 2020 செப்டம்பரில் எஃப்.சி.ஆர்.ஏ.வைத் திருத்தியபோது, வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறக்கிவிட்டார்கள். ஆய்வு நடத்தும் அமைப்புக்குச் சம்பளமும் அலுவலகமும்தான் பெரிய செலவு. இதில் எதை நிர்வாகம் என்பது, எதை ப்ராஜெக்ட் என்பது என்று ஆடிட்டரும் ஊழியரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

பதினாலு பக்கத்தில் என் தோழிக்கு ஓவர்ஹெட் எவ்வளவு என்று தேடினேன். ஒரு சதவீதமும் இல்லை. மாறாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை யூரோவில் கணக்கு அனுப்ப வேண்டும், வருடாந்திரத் தணிக்கை அறிக்கை வேண்டும், செலவு செய்த பிறகுதான் பணம் திரும்ப வரும் என்று இருந்தது. அதாவது முதலில் கைக்காசு போட வேண்டும். வெளிநாட்டில் எந்த மாதமும் சம்பளம் தவறாத ஒருவர் எழுதிய விதி அது. சங்கத்தின் கைக்காசு என்பது அந்தப் பெண்கள் மாதா மாதம் கட்டும் சேமிப்பு.

அப்புறம், பணம் நடுவழியில் நின்றால்? இது கற்பனைக் கவலை இல்லை. 2021 மார்ச்சில் பிரிட்டன் அரசு வெளிநாட்டு உதவியை வெட்டியபோது, அதன் ஆராய்ச்சி நிதி அமைப்புக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்த தொகைக்கும் கையில் வந்த தொகைக்கும் நடுவில் 12 கோடி பவுண்ட் பள்ளம் விழுந்தது. பல நாடுகளில் பாதி நடந்த ஆய்வுகள் நின்றன. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டின் பணத்தை நிறுத்தியது இதைவிடக் கொடுமை. தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. தடுப்புக்கான ஆய்வொன்றில் பெண்களின் உடலுக்குள் சிலிக்கோன் வளையம் வைத்திருந்தார்கள். வேலையை நிறுத்து என்று உத்தரவு வந்தது. உத்தரவை எழுத்துப்படி பார்த்தால் அந்த வளையத்தை வெளியே எடுப்பதுகூட 'வேலை'தான். ஆய்வாளர்கள் உத்தரவைப் பார்க்காமல் பெண்களைக் கூப்பிட்டு எடுத்துவிட்டார்கள். பல நாடுகளுக்குப் பிறப்பு, இறப்பு, ஊட்டச்சத்துக் கணக்கைக் கொடுத்துவந்த, 1984இல் தொடங்கிய டி.எச்.எஸ். சர்வேக்கும் அதே அடி விழுந்தது.

ஆகவே பங்காளி என்று கையெழுத்துப் போடுகிறவர் லாபத்தில் மட்டுமல்ல, இந்த ஆபத்திலும் பங்காளி. ஒப்பந்தத்தில் 'நிதி நின்றால் பதினைந்து நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி இருந்தது. எட்டு ஊரில் ரத்தம் எடுத்துவிட்டு, முடிவு சொல்லாமல் பதினைந்து நாளில் எப்படி முடித்துக்கொள்வது? ஊரைவிட்டே போகிறவர்களுக்குச் சரி.

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள். பல ஆய்விதழ்கள் இப்போது உள்ளூர் ஆட்கள் பெயர் இல்லாத கட்டுரையைப் பார்த்ததும் கேள்வி கேட்கின்றன, நல்லது. என் தோழிக்கு அது ஏழாவது கவலை.

நடுவில் ஒரு பெரிய நிறுவனம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், சென்னையிலோ டெல்லியிலோ ஒரு நிறுவனம், அதன்கீழே கடலோரச் சங்கம். முன்னெல்லாம் இதுதான் வழக்கம். பெரிய நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி, கணக்கு எழுதும் பாரத்தைத் தானே சுமந்து, சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும். அதே 2020 திருத்தம் இந்தக் கதவையும் மூடிவிட்டது. எஃப்.சி.ஆர்.ஏ. பணத்தை வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்கு, அதற்குப் பதிவு இருந்தாலும், மாற்றிக் கொடுக்கக் கூடாது. இப்போது பெரிய நிறுவனம் சின்ன சங்கத்தின் ஆட்களைத் தனித்தனியாகத் தற்காலிக வேலைக்கு எடுத்துக்கொள்ளும், அல்லது சேவைக்கென்று ஒப்பந்தம் போடும். சங்கம் என்ற உருவம் நடுவில் கரைந்துபோகும். சுற்றி வளைத்து மறுபடியும் கூலி சர்வேக்கே வந்துவிட்டோம், நடுவில் ஒரு கமிஷன் மட்டும் கூடுதல்.

ஒரு நன்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எத்திக்ஸ் கமிட்டி. வெளிநாட்டுக் கூட்டோடு நடக்கும் உடல்நல ஆய்வுக்கு உள்ளூர் நெறிக்குழு ஒன்றின் அனுமதி வேண்டும், பொதுவாக ஐ.சி.எம்.ஆர். வழியாக சுகாதார அமைச்சகத்தின் குழுவுக்கும் போக வேண்டும். சங்கத்தால் இதைத் தனியாகச் செய்ய முடியாது. பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி கைகோத்தால் இந்த வேலையும் நடக்கும், கிரியாட்டினின் கூடிய பெண்ணை அனுப்பிவைக்க ஒரு வாசலும் கிடைக்கும். எனக்கு நடுவில் நிறுவனம் வேண்டும் என்றால் இதற்காக மட்டும்தான்.

எந்த வழியில் போனாலும் மாட்டும் இடம்

சம்மதம். எங்கள் கடலோர ஊர்களில் சர்வே எடுக்கப் போனால் முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்க்க வேண்டும். அவர்கள் சரி என்றால் வேலை மளமளவென்று நடக்கும். நடக்கிற வேகத்தைப் பார்த்து வெளிநாட்டவர் பூரித்துப்போவார்கள். எனக்கு அந்த வேகம்தான் பயம். பஞ்சாயத்தார் சரி என்ற பிறகு எந்தப் பெண் வாசலில் நின்று 'எனக்கு ரத்தம் கொடுக்க இஷ்டமில்லை' என்பாள்?

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்திலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசியை ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குப் போட்டு ஒரு ஆய்வு நடந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த பாத் அமைப்பு நடத்தியது, ஐ.சி.எம்.ஆர். கூட்டு. சில சிறுமிகள் இறந்ததும் 2010இல் நிறுத்தினார்கள். அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றே விசாரணை சொன்னது. ஆனால் சம்மதம் வாங்கிய முறை சந்திக்கு வந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்குப் பெற்றோர் இருக்க, விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாக எழுதியது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தென்னாப்பிரிக்கா, நமீபியா பக்கத்துப் பழங்குடிகளான சான் மக்கள். 2010இல் நமீபியாவைச் சேர்ந்த சான் ஆண்கள் நாலு பேரின் மரபணுவைப் படித்து நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. நாலு பேரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். சான் தலைவர்கள் கொதித்துப்போனார்கள். நாலு பேரின் ரத்தம் ஒரு இனத்தையே பேசுகிறதே, எங்களை யார் கேட்டது என்றார்கள்.

கம்மத்தில் மேலே உள்ளவர் கையெழுத்துப் போட்டார், உரியவரைக் கேட்கவில்லை. நமீபியாவில் உரியவர் கையெழுத்துப் போட்டார், ஊரைக் கேட்கவில்லை. இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் நேரம் வேண்டும், நேரத்துக்குப் பட்ஜெட்டில் இடம் வேண்டும். பதினாலு பக்கத்தில் சம்மதம் வாங்க ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

வேண்டாம் என்பது

ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் யாருக்கும் இந்த உரிமை ஞாபகத்துக்கு வரவில்லை. ஆறாயிரத்துக்கும் மேல் செத்துப்போன மாவட்டம். நிவாரணம் எது, ஆய்வு எது என்று பிரித்துப் பார்க்கிற நிலைமையில் யார் இருந்தார்கள்? ஒரு குப்பத்தில் ஒரு அம்மா என்னிடம், "நீ எத்தனாவது ஆளும்மா? போன வாரம் வந்தவங்க இதே நோட்டுதான் வச்சிருந்தாங்க" என்றார். பதில் சொன்னால் வீடு வரும் என்று நினைத்துப் பதில் சொன்னார்கள். நாங்களும் அப்படி இல்லை என்று அழுத்திச் சொல்லவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை மருத்துவ ஆய்வாளர்கள் சிலர் இதைப் பற்றி 2005லேயே லான்செட் இதழில் எழுதினார்கள். எனக்கு உறைக்க இன்னும் சில வருடம் ஆனது.

வேண்டாம் என்பதற்கு விலை உண்டு. 2007இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை வெளியே கொடுக்க மறுத்தது. தாங்கள் கொடுத்த மாதிரியிலிருந்து ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று தடுப்பூசி செய்கிறது, அதை வாங்கத் தங்களுக்கே வசதி இருக்காது என்பது அவர்கள் கோபம். உலகம் முழுக்க நோயைக் கண்காணிக்கிறவர்கள் திணறினார்கள். பொறுப்பில்லாத செயல் என்று திட்டினார்கள். ஆனால் அந்த மறுப்பு இல்லாமல், மாதிரி கொடுக்கும் நாட்டுக்குப் பலனிலும் பங்கு என்ற ஏற்பாட்டை 2011இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்திருக்குமா என்பது சந்தேகம்.

சான் மக்கள் வேறு மாதிரிச் செய்தார்கள். அவர்களுக்கு அனுபவம் பழசு. வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமலிருக்க அவர்கள் மென்ற ஹூடியா செடியை, அவர்களுக்குச் சொல்லாமலே தென்னாப்பிரிக்க அரசு ஆய்வு நிறுவனம் காப்புரிமை எடுத்து மருந்துக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. 2003இல் போராடி ராயல்டியில் 6 சதவீதம் என்று ஒப்பந்தம் வாங்கினார்கள். அதே வருடம் ஃபைசர் விலகிக்கொண்டது, பிற்பாடு யூனிலிவரும் விட்டுவிட்டது. எதிர்பார்த்த பணம் வரவே இல்லை. 2017இல் அவர்களே ஆய்வாளர்களுக்கென்று ஒரு நெறித்தொகுப்பை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, முறை என்று ஐந்து சொல். வருகிறவர் முதலில் எங்களிடம் திட்டத்தைக் காட்டட்டும், நாங்கள் படித்துவிட்டுச் சொல்கிறோம் என்பது அதன் சாரம். இதுவும் ஒரு 'வேண்டாம்'தான், ஆனால் கதவைச் சாத்தாமல் தாழ்ப்பாளைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்ட வேண்டாம்.

இதில் என் தோழிக்குக் கைகொடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. சான் மக்கள் பங்கெடுத்த அதே முயற்சியிலிருந்து 2018இல் வசதி குறைந்த இடங்களில் ஆய்வு செய்கிறவர்களுக்கான உலகளாவிய நெறித்தொகுப்பு ஒன்று வந்தது. மொத்தம் 23 விதிகள், எல்லாம் எளிய மொழியில். உள்ளூர் ஆட்களை வடிவமைப்பிலிருந்தே சேர்க்க வேண்டும், முடிவைப் பங்கேற்றவர்களுக்குப் புரியும்படி திரும்பச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. ஐரோப்பிய ஆணையம் தன் ஆராய்ச்சி நிதிக்கு இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் பணம் அங்கிருந்து வருகிறதென்றால், நாம் புதிதாக எதுவும் கெஞ்ச வேண்டியதில்லை. அவர்கள் ஒப்புக்கொண்டதைத்தான் ஞாபகப்படுத்துகிறோம்.

நான் அவளுக்குச் சொன்னது

பணம் ஆணையத்திலிருந்துதான் வருகிறது என்று பி.டி.எஃப்.பின் பன்னிரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

முழுப் பங்காளி ஆகாதே என்றேன். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கவும், யூரோவில் கணக்கு எழுதவும், சேமிப்புப் பணத்தை முன்பணமாகப் போடவும் உன் சங்கத்தால் தாங்காது. கூலி ஒப்பந்தமே போடு, ஆனால் படிவத்துக்கு ரேட் வேண்டாம், ஆட்களுக்கு மாதச் சம்பளம் கேள். பணம் முன்கூட்டியே வர வேண்டும். மருத்துவக் கல்லூரி ஒன்று நெறிக்குழுவுக்கும் சிகிச்சைக்கும் பொறுப்பேற்க வேண்டும். ரத்தம் எடுக்கும் நாளில் போகும் கூலியை அந்தப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டும். இடையில் நிதி நின்றால், எடுத்த மாதிரிகளின் முடிவைச் சொல்லி முடிக்கும் வரைக்குமான தொகையைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் படிவத்தை முதலில் தமிழில் சங்கத்துப் பெண்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் கேட்கும் கேள்விகளைச் சேர்த்த பிறகுதான் வேலை தொடங்கும். இந்தக் கடைசி நிபந்தனை ஒன்று கிடைத்தாலே, பெயருக்குப் பங்காளியாக இருப்பதைவிட அதிக அதிகாரம் உன் கையில் இருக்கும்.

"அதெல்லாம் கேட்டா ஓடிருவாங்களேக்கா" என்றாள். ஓடட்டும், கடற்கரை ஓடாது என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு ஊழியர்களின் சம்பளம் அவள் தலைமேல் இருக்கிறது, என் தலைமேல் இல்லை. நான் சுலபமாகச் சொல்லிவிடலாம்.

மூன்று நாள் யோசித்து அனுப்பினாள். பத்து நாள் சத்தமே இல்லை. போன வாரம் பதில் வந்தது. மாதச் சம்பளம் சரி, மருத்துவக் கல்லூரி சரி, கூலி இழப்பும் சரி. முன்பணம் பாதிதான் தர முடியும். நிதி நின்றால் தனித்தொகை என்பதைச் சட்டப்பிரிவில் கேட்டுச் சொல்கிறார்களாம். படிவத்தில் கைவைத்தால் மற்ற இரண்டு நாடுகளோடு ஒப்பிட முடியாது, ஆகவே கேள்விகளை மாற்ற முடியாது, வேண்டுமானால் கடைசியில் இரண்டு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

இரண்டில் ஒன்று கழிப்பறை. இன்னொன்று எது என்று ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் கேட்கப்போகிறாள். அதற்கப்புறம்தான் கையெழுத்து.